மூன்றாவது பிளாப்பியில் சந்தனம்

என் மனைவியின் ஆய்வேடு அப்போது ஐந்து பிளாப்பி டிஸ்க்குகளில் இருந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் வெயிலைக் குடித்துக் குடித்து அவள் பொறுக்கியவை, கடல் இங்கே கிடந்த காலத்தில் கல்லாகிப்போன சிப்பிகள், நத்தைகள். அவற்றின் படங்கள் சேர்ந்ததும் கோப்பு ஒரு பிளாப்பிக்குள் அடங்காமல் திமிறியது. பெரம்பலூர் கம்ப்யூட்டர் சென்டரில் அவளே உட்கார்ந்து அதைச் சுருக்கி, ஐந்து துண்டாக்கி, ஒவ்வொன்றின்மேலும் எண் எழுதிக் கொண்டுவந்தாள். ஐந்தும் வரிசையாக உள்ளே இறங்கினால்தான் ஆய்வேடு. ஒன்று கெட்டாலும் மற்ற நான்கும் வெறும் பிளாஸ்டிக்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டில் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் என் சைக்கிளுக்கும் பொட்டு வைத்த அம்மா, மருமகளின் பிளாப்பிகளை மட்டும் விட்டுவிடுவாளா. குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

மறுநாள் இருவரும் அரியலூருக்கு பஸ் ஏறினோம். கலர் பிரிண்டர் அங்கேதான் இருந்தது. அடுத்த நாள் ஆய்வேட்டை ஒப்படைக்கக் கடைசி நாள். தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

முதல் பிளாப்பி கரகரவென்று இறங்கியது. இரண்டாவதும். மூன்றாவதில் கம்ப்யூட்டர் முனகி முனகி, படிக்க முடியவில்லை என்றது. கடைக்காரர் அதை உருவித் திருப்பிப் பார்த்தார்.

“என்னங்க சார், காதுகுத்துக்குக் கூட்டிட்டு வந்தாப்ல இருக்கு. எலுமிச்சம்பழம் வைக்கலியா?”

“வச்சாங்க. பஸ்ல உருண்டு போயிருச்சு” என்றேன்.

மனைவி பிளாப்பியின் உலோகத் தகட்டை ஒதுக்கினாள். உள்ளே, கறுப்பு வட்டத்தின்மேல், காய்ந்த சந்தனம். பூஜையில் தகடு நகர்ந்திருக்கிறது. அம்மாவின் மோதிரவிரல் கருவறைக்குள்ளேயே போய்விட்டது.

“வேற காப்பி இருக்குதுங்களா மேடம்?”

“பெரம்பலூர் சென்டர்ல இருக்கு. பூஜை லீவுன்னு பூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“அப்ப அடுத்த வருசந்தான்.”

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. “ஏங்க, புது பிளாப்பி ஒண்ணு வாங்குங்க” என்றாள் என்னிடம்.

புதியதன் பிளாஸ்டிக் ஓட்டை நகத்தால் பிளந்து, உள்வட்டத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு சந்தனம் பட்டதைப் பிளந்தாள். பாறையிலிருந்து சிப்பியை ஓரம் உடையாமல் பெயர்த்தெடுத்த விரல்கள் அவை. எனக்குத் தெரியும், கூடை சுமந்தவன் நான். பஞ்சை நனைத்துத் துடைத்தாள். ஊதினாள். மின்விசிறிக்கு நேரே பிடித்துக் காயவைத்தாள். புது ஓட்டுக்குள் பழைய வட்டத்தை வைத்து மூடினாள்.

“டிரைவ் போயிருச்சுன்னா?” என்றார் கடைக்காரர்.

“போனா வாங்கித் தரேன். போடுங்க.”

போட்டார். முனகல். நின்றது. நானும் நின்றுபோனேன். மறுபடி முனகல், பிறகு அந்தக் கரகரப்பு, மழை பிடித்துக்கொண்டதுபோல விடாமல். நான்காவது. ஐந்தாவது. துண்டுகள் ஒன்றாகி ஆய்வேடு விரிந்தது. அவளுடைய சிப்பி திரை முழுக்க உட்கார்ந்திருந்தது.

“சார், உங்க வூட்டம்மா எந்த சென்டர்ல வேலை பாக்குறாங்க?”

“கல்லு பொறுக்குறாங்க” என்றேன். கவிதை எழுதுகிறவன் நான்; எதைப் படித்துக் காட்டும்போதும் என் குரல் அப்படி நிமிர்ந்ததில்லை.

வீட்டில் நடந்ததைக் கேட்ட அம்மா கலங்கவில்லை. “சாமி கும்பிட்டு அனுப்புனேன்ல, அதான் காரியம் ஆச்சு.”

“ஆமாங்கத்தை. மூணாவதுல மட்டும் கொஞ்சம் கூடக் கும்பிட்டுட்டீங்க.”

எங்களுக்கென்று எடுத்த பிரதிக்கு அம்மா அன்றைக்கே பொட்டு வைத்தாள். அட்டையில், வெளிப்பக்கமாக, மருமகள் காட்டிய இடத்தில்.