அரக்குச் சேலை கேட்டவள்

சத்தியமாகச் சொல்கிறேன், இது கட்டுக்கதை இல்லை. அபிஷேகப்பாக்கத்தில் செல்வகுமாரி இன்றும் இருக்கிறாள். நம்பாதவர்கள் அவள் வாசலில் போய் நின்று கேட்கட்டும். என்ன பதில் கிடைக்கும் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அன்றைக்கு அவள் கொதித்துக்கொண்டிருந்தாள். மகள் வெண்ணிலாவுக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது. ஏற்கெனவே ஒரு முறை நிச்சயம் வரைக்கும் போய் முறிந்துபோன பெண். இந்தத் தடவையாவது தாலி ஏற வேண்டுமே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள் தாய்க்காரி. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் கன்னியாகச் செத்த பெண் இருந்தால், கல்யாணத்துக்கு முன்னால் நீர்நிலைக்குப் போய், பூவும் புதுச் சேலையும் வைத்து, அவளைக் குடத்தில் அழைத்து வர வேண்டும். பூவாடைக்காரி என்பார்கள். அவள் வந்து வாழ்த்தாத கல்யாணம் நிலைக்காது என்பது அங்கே எல்லாரும் நம்புகிற விஷயம்.

புருஷன் அரங்கநாதனின் தங்கை தையல்நாயகி அப்படிச் செத்தவள். செல்வகுமாரி அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே, பத்தொன்பது வயதில், வயல் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாளாம். வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் வந்தாலும் கிணற்றங்கரையில் ஒரு மஞ்சள் சேலையை வைத்து அவசர அவசரமாக அழைத்து முடித்துவிடுவார்கள். சொந்த மகள் கல்யாணத்துக்கு அரங்கநாதன் அதுவும் வேண்டாம் என்றான்.

"டிரோன் கேமரா வச்சிப் படம் புடிக்க ஒத்துக்கினீங்க. கூடப் பொறந்தவளுக்கு ஒரு சேல எடுக்கக் கசக்குதா?"

"செத்தவளுக்கு இன்னாடி சேல? வாய மூடு."

வாயை மூடுகிறவளா அவள்? பையை எடுத்துக்கொண்டு வில்லியனூருக்குப் பஸ் ஏறினாள். வழி முழுக்க மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே போனாள்.

ஜவுளிக்கடைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கரண்ட் இல்லை. வேறு ஆளும் இல்லை. கடைக்காரர் ராஜேஷ் நாலைந்து மஞ்சள் சேலைகளை எடுத்துப் போட்டுவிட்டு, "பாத்துனு இருங்கம்மா" என்று உள்ளே சாப்பிடப் போனார்.

"யாருக்குக்கா சேல?"

பக்கத்துப் பாயில் ஒரு பெண். எப்போது வந்து உட்கார்ந்தாளோ, தெரியவில்லை. தாவணி கட்டியிருந்தாள். இந்தக் காலத்தில் யார் தாவணி கட்டுகிறார்கள், ஏதோ விசேஷத்துக்குப் போகிறவள் போல என்று செல்வகுமாரி நினைத்துக்கொண்டாள்.

"வூட்டு தெய்வத்துக்கு."

"அதுக்கு மஞ்சளா? எப்பப் பாத்தாலும் மஞ்ச. அவளுக்குப் புடிக்குதான்னு யாராவது கேட்டீங்களா?"

செல்வகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று. அந்தப் பெண் எங்கிருந்தோ ஓர் அரக்குச் சேலையை எடுத்து அவள் மடியில் போட்டாள். பச்சைக் கரை. கண்ணைப் பறித்தது. பிறகு இரண்டு பேரும் வீட்டு ஆம்பிளைகளை ஒரு பிடி பிடித்தார்கள். இவள் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொன்னாள். முன்பின் தெரியாத ஒருத்தி இவ்வளவு பிரியமாகப் பேசுவாள் என்று யார் கண்டது? செல்வகுமாரிக்கு மனசு லேசாகிவிட்டது.

ஆனால் புழுக்கம் தாங்கவில்லை. செல்வகுமாரியின் ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டியது. அந்தப் பெண் முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. வாசலில் பஸ் ஒன்று காது கிழிய ஹாரன் அடித்தது. அவள் இமைக்கக்கூட இல்லை…

"எந்தத் தண்ணியில கூப்புடுவீங்க?"

"எங்க வயக்காட்டுக் கெணத்துல."

அவள் சிரிப்பு நின்றது.

"அங்க யாரு இருக்கா?"

குரல் வேறாக இருந்தது. அடித்தொண்டையிலிருந்து, கோபமாக…

"இத்தினி வருசமா வெறுங் கெணத்தக் கூப்புட்டுனு இருக்கீங்க. மோட்டார் கொட்டாயில கூப்புடுங்க. ரங்குவ வரச் சொல்லுங்க."

டக்.

உள்ளே டிபன் பாக்ஸ் மூடும் சத்தம்.

செல்வகுமாரி திரும்பிப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள்.

பாயில் யாரும் இல்லை.

"இங்க ஒரு பொண்ணு இருந்துச்சே, எங்கப்பா?"

"எந்தப் பொண்ணு? நீங்க ஒருத்தர்தானம்மா வந்தீங்க." ராஜேஷ் அவள் மடியைப் பார்த்தார். "இந்தச் சேல மேல் அடுக்குல இல்ல இருந்துச்சு? ஏணி போட்டுத்தான் எடுக்கணும். எப்பிடி எடுத்தீங்க?"

சேலையை வாங்கிக்கொண்டு எப்படியோ பஸ் ஏறிவிட்டாள். பாதி வழியில்தான் அது உறைத்தது. புருஷன் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. கடையிலும் சொல்லவில்லை.

ரங்கு…

அவளுக்குத் தெரிந்து அவனை அப்படிக் கூப்பிட்டது அவன் அம்மா ஒருத்திதான். அந்த அம்மாவும் செத்துப்போயாயிற்று.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகவே சொன்னாள். "ரங்குவ மோட்டார் கொட்டாய்க்கு வரச் சொன்னா."

"யாரு?"

"அத நீங்கதான் சொல்லணும்."

குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தூக்கி எறிகிறவன், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே போனான்.

மறுநாள் உச்சி வெயிலில் பெண்கள் மட்டும் போனார்கள். கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி இருந்த மோட்டார் கொட்டாயில், பம்புசெட் தொட்டியில் தண்ணீர் மொண்டு, பூவைப் போட்டு, அரக்குச் சேலையை வைத்து அழைத்தார்கள். அரைக் குடம் தண்ணீர்தான். இரண்டு பேர் தூக்கினார்கள்.

வரவில்லை…

நாலு பேர்.

அசையவில்லை.

செல்வகுமாரி குடத்தின் முன் மண்டியிட்டாள். "கோவமாவே வா. உன் கோவம் எனக்குப் புரியிது. எம் பொண்ணுக்காக வந்துடும்மா."

குடம் எழுந்தது. அவள் ஒருத்தியே இடுப்பில் வைத்து வீடு வரைக்கும் சுமந்தாள்.

கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. தாலி ஏறிவிட்டது. அதன் பிறகும் விருந்தாளிகள் வந்தபடி இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில்தான் அரங்கநாதனின் சித்தப்பா சுப்பராயலு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கொட்டாயில வச்சி அழச்சியாமே. யாரு சொன்னது?"

அவள் கையிலிருந்த தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அவள கெணத்துலேர்ந்து தூக்கினவன் நான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வயித்துல ஒரு சொட்டுத் தண்ணி இல்லம்மா. தண்ணியில வுழறதுக்கு முன்னாடியே, கொட்டாயிலயே உசுரு போயிருக்கு."

"தெரிஞ்சினேவா இத்தினி வருசமா கெணத்துல பூ போட்டீங்க?"

"குடும்ப மானம்…"

மானமாம், மண்ணாங்கட்டி. செல்வகுமாரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"யாரு?"

சுப்பராயலு கண்ணைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தார்.

அங்கே அரங்கநாதன் பட்டு வேட்டியில் நின்று, வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

அவள் நேராகப் போய் அவன் கையிலிருந்த பன்னீர்ச் சொம்பைப் பிடுங்கினாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை.