மலையில் நான் வைத்த பிள்ளையார்

தனியே மலைக்குப் போகப் போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனப்பா, என்னோடை ஏதும் கோவமோ?"

எங்கள் ஆட்களுக்கு ஒரு பெண் தனியே எங்காவது போனால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் கோயில் நேர்த்திக்கடன். இரண்டும் இல்லை என்று அவரை நம்பவைக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. ஒஸ்லோவில் பதினெட்டு வருடமாக ட்ராம் ஓட்டுகிறேன். தண்டவாளம் திரும்புகிற பக்கம்தான் நானும் திரும்பவேண்டும். ஒரு நாளாவது என் விருப்பத்துக்குத் திரும்பிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். கடைசியில் அவரே புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டித் தந்தார். பத்துப் பேருக்குக் காணும்.

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை, காலையில் முதல் ரயில். நாலு மணித்தியாலத்துக்குள் மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. ஒரு சின்ன நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து மலைக்குடிலுக்கு இரண்டரை மணித்தியால நடை. குடிலில் வாஃபிளும் கோப்பியும் சாப்பிட்டுவிட்டுப் பின்னேர ரயிலுக்குத் திரும்பிவிடலாம்.

என்னோடு இறங்கியவர்கள் ஒரு கணவனும் மனைவியும் மட்டும். எழுபத்தைந்துக்குக் குறையாது. அந்த அம்மாவின் இரண்டு கையிலும் ஊன்றுதடி. "நாங்கள் மெதுவாத்தான் வருவம். எங்களுக்கும் வாஃபிள் மிச்சம் வையுங்கோ" என்றார். சொன்னது நோர்வேஜிய மொழியில்தான், என் காதில் அது எங்கள் தமிழாக விழுந்தது. என் ட்ராமில் வருடக்கணக்காக ஏறுகிறவர்கள்கூட என் முகத்தைப் பார்ப்பதில்லை. மலையில் கால் வைத்ததும் இந்தச் சனத்துக்கு வாய் திறந்துவிடுகிறது.

பாதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கல், சேறு, பாசி, மறுபடி கல். ஆனால் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் எப்போதும் ஒரு கற்குவியல் இருக்கும், அதில் சிவப்புக் குறி இருக்கும். ஒன்றைப் பிடித்து அடுத்ததற்குப் போகவேண்டியதுதான். எதிரே ஓடிவந்த ஓர் இளம்பெண், ஒரு குவியலிலிருந்து விழுந்து கிடந்த கல்லைக் குனிந்து எடுத்து மேலே வைத்துவிட்டு, "ஹாய்" என்று சொல்லிக்கொண்டு போனாள். ஓட்டம் நின்றதாகவே தெரியவில்லை. வீட்டு வாசலில் செருப்பை நேராக்கி வைப்பது போல அதைச் செய்தாள். எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போயிற்று.

பிறகு ஓர் ஓடை. கல்லுக்குக் கல் கால் வைத்துத் தாண்டினேன். அந்த இடத்தில் பாதை வலப்பக்கம் திரும்பி மேலே ஏறியது. இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு தட்டைப் பாறை. அதில் போய் இருந்து புட்டைப் பிரித்தேன். கீழே ஏரி, எதிரே பனி உருகாத மலை, காற்றைத் தவிர ஒரு சத்தமில்லை. இப்படி ஓர் இடத்தில் தனியே இருந்து கத்தரிக்காய்ப் பொரியல் சாப்பிடுகிறேனே என்று சிரிப்பு வந்தது, சந்தோசத்தில் கண்ணும் கலங்கியது.

அப்போதுதான், வெளிக்கிடும்போது பிள்ளையாரைக் கும்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. எதைத் தொடங்கினாலும் முதலில் அவர்தானே. மஞ்சள் இல்லை, சாணி இல்லை, ஆனால் கல்லுக்குப் பஞ்சமில்லை. தொந்தி வைத்த மாதிரி ஒரு கல் கிடைத்தது. அவரை வெறும் தரையில் இருத்த மனம் வரவில்லை. தட்டைக் கற்கள் ஆறேழைப் பொறுக்கி, முழங்கால் உயரத்துக்குப் பீடம் அடுக்கி, கிழக்குப் பார்க்க வைத்தேன். அறுகம்புல்லுக்குப் பதில் மலைப்புல். பின்னால் வருகிற அந்த இருவரும் பத்திரமாக வந்து சேரவேண்டும் என்று அவர்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

குடில் வாசலில் சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே நீள மேசையில் அறிமுகமில்லாதவர்கள் நெருங்கி இருந்து எனக்கும் இடம் விட்டார்கள். யாரோ ஒருவர் என் ஈரக் காலுறையை வாங்கி அடுப்புக்கு மேலே காயப்போட்டார். நான் கேட்கவே இல்லை. குடிலைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். அவளிடம், பின்னால் ஒரு வயதான சோடி வருகிறது, வாஃபிள் மிச்சம் வையுங்கள் என்று சொல்லிவைத்தேன்.

பத்து நிமிடத்தில் யன்னலுக்கு வெளியே இருந்த மலையைக் காணவில்லை. ஒரே புகார், வெள்ளை மூடுபனி. இன்னும் அரை மணித்தியாலம் போயிற்று, அவர்கள் வரவில்லை. அவள் மணியைப் பார்க்கத் தொடங்கினாள். எனக்கு முன்னால் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது: தயவுசெய்து புதிதாகக் கற்களை அடுக்காதீர்கள், புகாரில் நடப்பவர்கள் அவற்றைப் பார்த்துத்தான் வழி பிடிப்பார்கள்.

வாஃபிளைத் தட்டில் வைத்தேன். எழும்பிப் போய் அவளிடம் சொன்னேன். "எங்கடை கடவுளைக் கல்லாலை அடுக்கி, ஓடைத் திருப்பத்திலை வைச்சிட்டு வந்தனான்."

"எவ்வளவு உயரம்?" என்று மட்டும் கேட்டாள். கையால் காட்டினேன்.

"அதுக்கு அங்காலை என்ன இருக்கு?"

"பாறை. பிறகு நேரே கீழை ஏரி."

அவள் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்தவரிடம் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் ஒவ்வொரு குவியலையும் கையால் தொட்டு எண்ணிக்கொண்டு இறங்கினாள், நான் பின்னால். என் ட்ராமுக்கு முன்னால் யாராவது வந்து விழுந்துவிட்டால் என்று பதினெட்டு வருடமாகப் பயந்திருக்கிறேன். அதே பயம்தான் இப்போதும்.

ஓடைத் திருப்பத்தில் என் பிள்ளையார் வளர்ந்திருந்தார். தலையில் இரண்டு புதுக் கல்.

"வழியிலை போறவை ஆளுக்கொரு கல் வைப்பினம்" என்றாள் அவள், மெதுவாக. பிறகு விசில் ஊதினாள்.

"இஞ்சை இருக்கிறம்!"

பாறைக்குக் கீழே, இருவரும் முதுகோடு முதுகு சாய்ந்து, ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுடுபோத்தலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால் இருபது அடிதான் நிலம் இருந்தது. "அடுத்த குறியைக் காணேல்லை. காணாட்டி நிக்கவேணும். நிண்டிட்டம்" என்றார் அந்த அம்மா. இவ்வளவு அடக்கமான துணிச்சலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அந்த ஐயா சுடுபோத்தலை மூடிவைத்தார்.

"வழி தெரிஞ்ச ஆள் ஆரோ வைச்சதெண்டு நினைச்சம்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்றைக்கும் என் நெஞ்சில் நிற்கிறது. பிறகு, "என்ன கேட்டுக் கும்பிட்டனீங்கள்?" என்றார்.

"நீங்கள் ரெண்டு பேரும் பத்திரமா வந்து சேரவேணும் எண்டு."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

பிள்ளையாரை என் கையாலேயே பிரித்தேன். தட்டைக் கற்களைத் திசைக்கொன்றாகப் போட்டேன். தொந்திக் கல்லை மட்டும் போட முடியவில்லை. குடில்காரி அதைப் பார்த்துவிட்டு, பாதை திரும்புகிற இடத்தில் சிவப்புக் குறியோடு நின்ற உண்மையான குவியலைக் காட்டினாள். "அதிலை வையுங்கோ. அங்கை அவருக்கு வேலை இருக்கு."

இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனேன். அந்த அம்மாவும் ஐயாவும் தங்கள் கல்லை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். மூன்றையும் வைத்தோம். பிள்ளையார் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறார் என்று நான் கவனிக்கவில்லை. அசையாமல் இருக்கிறாரா என்றுதான் இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தேன்.