கட்டிய நாளும் தவறிய நாளும்

சின்னவள் ஜெயித்தவை இவை: மூன்றாம் முறை போய் வாங்கிய ஓட்டுநர் உரிமம். ஒரு பெண் ஓட்டினால் பிள்ளைகளை ஏற்ற மாட்டோம் என்ற பெற்றோரே, பின்னால் அவள் ஒருநாள் லீவு போட்டால் முகம் சுளித்த அந்தப் பள்ளி வேன் வேலை. தன் கை ஒரு காசும் தொடாத கடனை அடைத்து முடித்தது. அவளுடைய அக்காள் யாரிடம் சொன்னாலும் இந்த வரிசையில்தான் சொல்வாள். அக்காள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒரு மடிப்பு பிசகினாலும் பிரித்து மறுபடி போடுவாள்.

கடன் பெரியப்பா மகனுடையது. செல்போன் கடை வைக்கப் போனவன், "ஒரு கையெழுத்துதானே" என்று தேனாகப் பேசினான். சின்னவள் ஜாமீன் போட்டாள். கடையை இழுத்து மூடிவிட்டு அவன் கம்பி நீட்டினான். 2011 ஆகஸ்டில் தவணை தவறியது. அதிலிருந்து வங்கி ஆட்கள் சின்னவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அக்காளும் தங்கையும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 2014 ஜனவரியில் கடைசிக் காசையும் கட்டினார்கள். அன்று இருவரும் வேலைக்குப் போகவில்லை. பகலெல்லாம் தூங்கினார்கள்.

அடுத்த வருடம் சின்னவள் சொந்தமாக வேன் வாங்கக் கடன் கேட்டுப் போனாள். "கட்டிட்டீங்க, சரிதான். ஆனா தவணை தவறின விவரம் உங்க கடன் ரிப்போர்ட்ல ஏழு வருஷம் இருக்கும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். அக்காள் கட்டி முடித்த நாளிலிருந்து ஏழு கூட்டினாள். 2021 ஜனவரி. அதுவரை அடுத்தவர் வேன், அடுத்தவர் சொன்ன கூலி. சின்னவள் இடுப்புக்கு முட்டுக்கொடுக்கத் தலையணையோடு வேலைக்குப் போய்வந்தாள்.

2019 நவம்பர் தொடக்கத்தில் வேன் முதலாளி முட்டிவலி தாங்காமல் தொழிலை விட்டார். "நீ எடுத்துக்கறியாம்மா? மாசக் கடைசி வரைக்கும் பொறுக்கறேன். அப்புறம் காய்கறிக்காரர்கிட்ட வித்துடுவேன்." வேன் போனால் சின்னவளின் வேலையும் போகும்.

"இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்குக்கா. போய் எதுக்கு அசிங்கப்படணும்?"

"பட்ட அசிங்கத்துல இது ஒரு ஓரத்துக்குக் காணாது. வாடி."

"உனக்கென்ன, நீயா ஓட்டப்போற?"

"நான் ஓட்டினா பிள்ளைங்க நடந்தே முன்னால போய்ச் சேர்ந்துடும்."

வங்கியில் மின்விசிறி இல்லாத மூலையில்தான் இடம் கிடைத்தது. முறை வந்ததும் அக்காள் முந்திக்கொண்டாள். "கட்டி முடிச்சு ஆறு வருஷம் ஆகப்போகுது சார். அந்தக் கெட்ட பேரு போக இன்னும் கொஞ்ச நாள்தான். பாத்து செய்யுங்க."

அதிகாரி திரையை மேலும் கீழும் உருட்டினார். "எந்தக் கெட்ட பேரும்மா? இதுல ஒண்ணுமே இல்லையே."

"நல்லா பாருங்க சார்."

"பாத்துட்டேன். தவணை எப்ப தவறுச்சு?"

"2011 ஆகஸ்ட்ல."

"அப்ப போன வருஷமே போயிருக்கும். தவறின நாள்லேருந்துதான் ஏழு வருஷம். கட்டி முடிச்ச நாள்லேருந்து இல்ல."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே?"

"அது போனா யாரும் சொல்ல மாட்டாங்கம்மா. நாமதான் கேட்டுப் பாக்கணும்."

அக்காள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரையேறிய நாளிலிருந்து அவள் எண்ணிக்கொண்டிருக்க, கணக்கோ தடுக்கி விழுந்த நாளிலிருந்தே ஓடியிருக்கிறது. ஒன்றேகால் வருடம் வீணாகப் பயந்தாயிற்று.

"மடிப்புக் கணக்குக்கு நீ சரிக்கா" என்றாள் சின்னவள், கண்ணை மூடியபடி. "வருஷக் கணக்கை என்கிட்ட விட்டுடு."

சம்பளச் சான்று, வேனின் ஆவணங்கள் என்று அதன் பிறகும் அலைச்சல்தான். மாதம் முடியுமுன் ஒருவழியாகக் கடன் கிடைத்தது. தாள்களை நீட்டியதும் சின்னவள் பழக்கத்தில், "ஜாமீன் எங்க போடணும் சார்?" என்றாள்.

"நீங்க ஜாமீன் இல்லம்மா. நீங்கதான் கடன் வாங்கறவங்க. ஜாமீன் உங்க அக்கா."

"யோசிச்சுப் போடுக்கா."

"யோசிச்சா யாராவது ஜாமீன் போடுவாங்களாடி? முதல்ல நீ போடு."

சின்னவள் பேனாவைக் கைவிரலில் கிறுக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். தனக்கென்று அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2019 நவம்பர் 27, புதன்கிழமை.