இரண்டாவது மடக்கு

தம்பியின் நினைவு நாளன்று காலையில் தம்பி மகனின் மனைவி என்னைக் கைப்பேசியில் அழைத்தாள். நான் பசியாறிவிட்டு, புக்கிட் ரோத்தானில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் குளியலறையிலிருந்து பேசினாள். கணவனுக்குக் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

"பெரிய மாமா, இந்த வருஷம் படையலுக்கு ஸ்டவுட் பீர் இல்லயாம். அமெரிக்காவுல செஞ்ச போத்தல் ஒன்னு வாங்கி வச்சிருக்காரு. நீங்க ருசி பார்த்துச் சொன்னதும், அப்பா பேரைச் சொல்லி ஒரு கிளாஸ் குடிக்கப் போறாராம்."

"டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காரேம்மா."

"எட்டு மாசமா தொடல மாமா. மறுபடி தொட்டா ஈரல் தாங்காதுன்னுட்டாங்க. நான் சொன்னா சண்டைதான் வரும். நீங்க சொன்னா கேப்பாரு. அது நல்லால்ல, டூப்ளிகேட்டுன்னு மட்டும் சொல்லிருங்க. அது போதும்."

சரி என்றேன். ஒரு பொய்தானே, சொல்லிவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஏன் என்னிடம் கேட்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். நான் முப்பது ஆண்டுகள் கோலசிலாங்கூரில் இரசாயன ஆசிரியராக இருந்தவன். மதுவை மோந்து, நாக்கில் வைத்து, அதன் குணம் குற்றம் சொல்வதில் எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அதற்கென்று ஒரு குறிப்பேடும் வைத்திருந்தேன். நிறம், மணம், சுவை, தொண்டையில் இறங்கியபின் எஞ்சுவது என்று நான்கு பத்திகள். 'குடிப்பது' என்ற சொல்லை நான் பயன்படுத்தியதே இல்லை, 'சுவைப்பது' என்பேன். என் தம்பி ரப்பர் தோட்டத்துக் கடையில் மலிவான சம்சு சாராயம் வாங்கிக் குடித்தான். அவனைக் குடிகாரன் என்றார்கள். என்னை ரசனை தெரிந்த வாத்தியார் என்றார்கள்.

எங்கள் குடும்பத்துப் படையலில் ஒரு வழக்கம் இருக்கிறது. இறந்தவர் விரும்பியதையெல்லாம் இலையில் வைப்போம். கிளாசில் ஊற்றி வைத்ததைக் கீழே கொட்டக் கூடாது. குடும்பத்தில் மூத்தவர் முதல் மடக்கு குடித்துவிட்டுக் கொடுக்க, இறந்தவரின் மகன் மிச்சத்தைக் குடித்து முடிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நான் ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தம்பி மகனிடம் கொடுத்துவந்தேன். போன ஆண்டும் கொடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவன் வாசலிலேயே நின்றான். நாற்பது வயது. முகத்தில் பழைய வீக்கம் வடிந்து, அவன் அப்பாவின் தாடை தெரிந்தது.

"வாங்க பெரியப்பா. மூக்கைக் கழுவித் துடைச்சிட்டு வந்தீங்களா?"

"எனக்கு எழுபத்தாறுடா. மூக்கு இருக்கிற இடமே சில நாள் தெரியல."

"சும்மா சொல்லாதீங்க லா. இன்னிக்கு உங்களுக்குப் பரீட்சை."

போத்தலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தான். கனத்த கண்ணாடி. மேலே ஒட்டிய சீட்டில் மையால் கையெழுத்தில் ஓர் எண் இருந்தது.

"கொஞ்சம் போத்தல்தான் விட்டாங்களாம். இது போர்பன், சோளத்துல செய்யறது. முதல்ல ஓக் பீப்பாய்ல வருஷக்கணக்கா ஊற வச்சு, அப்புறம் பிரேசில் மரத்துப் பீப்பாய்ல ஊத்தி மறுபடி கொஞ்ச மாசம் வச்சிருக்காங்க. அந்த மரத்து வாசம் தனியாத் தெரியுமாம்."

"எதுக்குடா இவ்வளவு செலவு?"

"அப்பா புகையை மோந்தே என்ன விறகுன்னு சொல்வாருன்னு நீங்கதான சொல்வீங்க? அவருக்கு மரம் தெரியும். அதான்."

உண்மைதான். என் தம்பி தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவன். வெளியே நின்றபடியே உள்ளே எந்த மரம் எரிகிறது, எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவான். மூக்கு என்றால் எங்கள் வீட்டில் அது அவனுடையதுதான். அதை நான் ஊரில் சொன்னதில்லை.

தம்பியின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, ஆட்டுக்கறி, கருவாட்டுக் குழம்பு, வடை, ஒரு பெட்டி சிகரெட் எல்லாம் வைத்தோம். தம்பி மகன் கிளாசில் மூன்று விரல் உயரம் ஊற்றினான். கற்பூரம் காட்டிவிட்டு, இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்தி வெளியே நின்றோம். மருமகள் முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். சொல்லிவிடுகிறேன், கவலைப்படாதே என்று அர்த்தம்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனோம். தம்பி மகன் கிளாசை எடுத்து என் கையில் கொடுத்தான்.

கெட்டியான தேத்தண்ணீரின் நிறம், ஓரத்தில் செம்பு. சாய்த்துச் சுழற்றினேன். கிளாசின் உள்பக்கத்தில் திரவம் அவசரமில்லாமல் வழிந்து இறங்கியது. வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்தேன். முதலில் சாராயத்தின் காரம் மூக்கில் அடித்தது. அது விலகியதும் கருகிய சீனி, வனிலா. இவை எந்த நல்ல போர்பனிலும் இருப்பவை. அவற்றுக்குப் பின்னாலிருந்து அந்த இரண்டாவது மரம் வந்தது. பட்டையும் சாதிக்காயும் போட்டு, குலா மலாக்கா வெல்லத்தை அடுப்பில் காய்ச்சுகிற மணம். அதற்கும் அடியில் அப்போதுதான் அறுத்த பலகை. விரலைத் தண்ணீரில் நனைத்து இரண்டு சொட்டு விட்டேன். மணம் இன்னும் விரிந்தது. ஒரு மடக்கு குடித்தேன். நாக்கின் ஓரங்களில் எரிந்தது. நடுவில் சோளத்தின் இனிப்பு. விழுங்கியபின் பாக்கு மென்றது போல ஒரு துவர்ப்பு, அதன்மேல் பட்டையின் சூடு. வெகுநேரம் அது நாக்கை விட்டுப் போகவில்லை.

'போலி' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். மருமகள் காத்திருந்தாள்.

"அடேயப்பா," என்றேன். "உன் பெரியப்பன் ஆயுசுல இப்படி ஒன்னு குடிச்சதில்லடா. அந்த ரெண்டாவது மரம் இருக்கே, அது கொஞ்சம் ஏறினாலும் எல்லாத்தையும் அமுக்கிடும். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா மருந்து மாதிரி ஆகியிருக்கும். சரியான நாள்ல எடுத்திருக்கான். பட்டை வாசம் எங்க முடியுது, பலகை வாசம் எங்க தொடங்குதுன்னு..."

அத்தனையும் சொன்னேன். எனக்கே நிறுத்தத் தெரியவில்லை. மறந்துபோய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் மறக்கவில்லை. தப்பாகச் சொன்னால் என் பெயர் என்னாவது என்று, அந்த அறையில், அந்தப் படத்துக்கு முன்னால், ஒரு கணம் நினைத்தேன்.

மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தம்பி மகன் சிரித்தபடி என் கையிலிருந்து கிளாசை வாங்கினான்.

"அப்போ அப்பாவுக்குப் பிடிக்கும்ல?"

அவன் கை வாய்க்குப் போவதைப் பார்த்தேன்.

"வை. கீழ வை."

"என்ன பெரியப்பா?"

"உங்க அப்பா ரெண்டு வருஷம் குடியை விட்டிருந்தான். ஞாபகம் இருக்கா?"

"காவடி எடுக்கறேன்னு நேர்ந்துக்கிட்டு விட்டாரு. அப்புறம் கடை கூட்டாளிங்க கெடுத்துட்டாங்க. அம்மா சாகற வரைக்கும் அதைச் சொல்லித்தான் அவங்களைத் திட்டிச்சு."

"கூட்டாளிங்க இல்ல. நான்."

அவன் கிளாசை இறக்கவில்லை, உயர்த்தவுமில்லை.

நான் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு ஆசிரிய நண்பர்கள் மூவர் வந்திருந்தார்கள். மூன்று கிளாஸ்களில் ஊற்றி, எது எந்த மதுவென்று கண்டுபிடிக்கும் விளையாட்டு. எனக்குப் பிடிபடவில்லை. தம்பி மரவள்ளிக் கிழங்கு கொடுக்க வந்தான். மோந்து மட்டும் பார் என்று கூப்பிட்டேன். பார்த்தான். ஒன்றைச் சரியாகச் சொன்னான். நண்பர்கள் கைதட்டினார்கள். அடுத்ததை நாக்கில் வைத்துப் பார் என்றேன். 'அண்ணே, சாமிக்குச் சொல்லியிருக்கேன்' என்றான். சுவை பார்ப்பது குடிப்பதாகாது, பெரிய பெரிய நிபுணர்கள் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். வாத்தியார் அண்ணன் சொன்னால் அவன் நம்புவான்.

"துப்பினாரா?" என்று தம்பி மகன் கேட்டான்.

"முதல் மடக்கைத் துப்பினான்."

"ரெண்டாவது?"

"விழுங்கினாத்தான் கடைசி வாசம் தெரியும்னு சொன்னேன்."

மருமகள் "மாமா" என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அப்புறம்?"

"அவன் சொன்னதை என் நோட்டுல நான் சொன்னதா எழுதிக்கிட்டேன். அடுத்த வாரம் அவனே வந்தான். 'ருசி பார்க்க ஏதும் இருக்காண்ணே'ன்னு கேட்டான். சிரிச்சிக்கிட்டே ஊத்தினேன். அதுக்கடுத்த மாசம் பழையபடி சம்சுவுக்குப் போயிட்டான். உங்க அப்பா சாவு வீட்டுல உங்க அம்மா அந்தக் கூட்டாளிங்களைத் திட்டினப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரு வார்த்தை சொல்லல."

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ரோட்டில் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அவன் கிளாசை மூக்கருகே கொண்டுபோனான்.

"இப்ப சொன்னீங்களே, பட்டை, குலா மலாக்கா, பலகை. அதெல்லாம் உண்மையா?"

"உண்மை."

ஒரு முறை மோந்தான். தலையை ஆட்டினான். பிறகு பின்கட்டுக்கு நடந்தான். படைத்ததைக் கொட்டக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. சாக்கடையில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கிளாசைக் கழுவி, தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தான். போத்தலை மூடி என் பைக்குள் திணித்தான்.

"எடுத்துட்டுப் போங்க. உங்க நோட்டுல எழுதிக்குங்க."

"சாப்பிட்டுட்டுப் போகட்டுங்க," என்றாள் மருமகள் அவனிடம்.

"சோறு போடு. நான் வேணான்னு சொல்லல."

மூவரும் சாப்பிட்டோம். அவன் என் இலைப்பக்கம் பார்க்கவே இல்லை.

அந்தப் போத்தல் இரண்டு வாரம் என் அலமாரியில் இருந்தது. மூன்றாம் வாரம் குடித்துத் தீர்த்தேன். நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். குறிப்பேட்டில் மட்டும் எதுவும் எழுதவில்லை. எழுதவும் வராது. அந்த நான்கு பத்திகளில் பாதி என் தம்பியின் மூக்கு.

இந்த ஆண்டு நினைவு நாளுக்கு என்னை அழைக்கவில்லை. காலையிலேயே குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் மருமகள் கைப்பேசியில் அழைத்தாள். இந்த முறை குழாய்ச் சத்தம் இல்லை.

"படையல் முடிஞ்சது மாமா. கிளாஸ்ல பால் ஊத்தாத தே ஓ வச்சோம். அவரு இன்னும் குடியைத் தொடல."

"முதல் மடக்கு யாரு குடிச்சது?" என்று கேட்டேன்.

"அவரே குடிச்சிட்டாரு," என்றாள்.