உத்திரத்து வளையம்

என் கொழுந்தனுக்கு அந்தக் கல்வீட்டுக் காவல் வேலை கிடைத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேலை முதலில் என் வீட்டுக்காரரைத் தேடித்தான் வந்தது. "கல்லுக்குக் காவல் கெடக்கவா நான் பம்பாய்க்கு வந்தேன்?" என்று கேட்டுவிட்டு அவர் தோல் பட்டறைக்குக் கிளம்பிப் போய்விட்டார். வேலையில்லாமல் எங்கள் தாராவி அறையில் காலை நீட்டிக் கிடந்த தம்பி எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டான். பின்கட்டில் குடியிருக்க ஓர் அறையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இது அறுபதுகளின் நடுவில். மாட்டுங்கா போகிற வழியில், ரயில் பாதையைத் தாண்டி ஒரு மேட்டில் நின்றது வீடு. முழுக்கக் கருங்கல். சுவரின் கனத்துக்கு, ஜன்னல் படியில் ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நகம் நுழையாது. உப்பங்கழியைப் பார்த்த பக்கம் சின்னச் சின்ன ஜன்னல்கள், முற்றத்தைப் பார்த்த பக்கம் ஆளுயர ஜன்னல்கள். மே மாத மத்தியானத்திலும் தரை ஜில்லென்று இருக்கும். என் அறைக்குத் தகரக் கூரை. மே மாதம் வேகும், ஜூன் பிறந்தால் ஒழுகும்.

கொழுந்தன் பெண்டாட்டி எங்களைப் பார்க்க வந்தால் அந்த வீட்டுப் புராணம்தான். "உப்பு யாவாரி கட்டுனதாம்க்கா. கப்பல்ல வர்ற களவாணிப் பயலுவளுக்குப் பயந்துதான் இவ்வளவு கனத்துல செவரு. பொறவு வெள்ளக்காரன் வெடிமருந்து வச்சிருந்தானாம்." அவள் பாட்டன் கட்டிப் போட்டதுபோல அப்படி ஒரு பெருமை. நான் குடியேறியிருந்தால் இதையே இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த வீட்டு வாசலில் சர்க்கார் போர்டு இருந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடம். ஆணி அடிக்கக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, சுவரில் எண்ணெய்க் கை படக் கூடாது. மீறினால் வேலையும் போகும், அறையும் போகும். கூடத்துத் தேக்கு உத்திரத்தில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. வியாபாரி வீட்டு ஊஞ்சல் அதில்தான் தொங்கியதாம். அதையும் தொடக் கூடாது.

எங்கள் இருவருக்குமே கைக்குழந்தை. என்னுடையது மூங்கில் விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் போட்டதும் தூங்கிவிடும். அவளுடையது தரையில் கண்ணை மூடவே மூடாது. அது அழுதால் சத்தம் கல்லில் பட்டு இரண்டாகத் திரும்பி வரும். நன்றாக அழட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

ஒரு மத்தியானம் கருவாட்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். பாசத்தில் அல்ல, அந்தத் தரையில் கொஞ்ச நேரம் படுக்கத்தான். கூடத்தில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வளையத்தில் கயிற்றைக் கோத்து, நுனியை ஜன்னல் கம்பியில் இழுத்துக் கட்டி, தன் கல்யாணச் சேலையில் தொட்டில் போட்டிருந்தாள். பிள்ளை அடித்துப் போட்டதுபோல் தூங்கியது. அவள் வீட்டுக்குப் பின்பக்கம் கிணற்றடியில் இருந்தாள். இத்தனையும் கொடுத்து இதையுமா இவளுக்குக் கொடுத்தான் கடவுள் என்று ஆத்திரமாக வந்தது.

அப்போது வாசலில் கொழுந்தன் குரல், வழக்கத்தைவிட ஓங்கி: "ஸலாம் ஸாப்! ஆயியே ஸாப்!" பார்வையிட ஆபீசர் வந்துவிட்டார்.

நான் எதுவுமே செய்ய வேண்டாம். குழம்புச் சட்டியோடு பின்வாசல் வழியாக நடந்தால் போதும். சாயங்காலத்துக்குள் இவர்கள் வெளியே. வேலை மறுபடி என் வீட்டுக்காரரைத் தேடி வரும், இந்தத் தடவை அவரை வேண்டாமென்று சொல்ல விடமாட்டேன். எங்கள் டிரங்குப் பெட்டியை எந்த மூலையில் வைக்கலாம் என்றுகூடப் பார்த்துவிட்டேன்.

பிள்ளையின் ஒரு கால் சேலைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்காலில் கறுப்பாக ஒரு மைப்பொட்டு. கண் பட்டுவிடக் கூடாதென்று வைத்தது. அந்த வீட்டுக்கு வந்து போகிற சொந்தம் நான் ஒருத்திதான். யார் கண்ணுக்குப் பயந்து வைத்தாள்?

சுருக்கென்றது. பிள்ளையை வாரி இடுப்பில் வைத்தேன். முடிச்சை அவிழ்த்து இழுத்ததும் கயிறும் சேலையும் தலையில் வந்து விழுந்தன. சேலையைப் பிள்ளைமேல் சுற்றிக்கொண்டு, கயிற்றைச் சுருட்டிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆபீசர் சுவரைத் தடவிப் பார்த்தார், உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். "அச்சா ரக்கா ஹை", நன்றாக வைத்திருக்கிறாய் என்று கொழுந்தனைத் தட்டிக்கொடுத்தார். குடத்தோடு நுழைந்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாராட்டெல்லாம் அவர்களுக்கு, கயிறு உறுத்தியது எனக்கு.

மறுநாளிலிருந்து மத்தியானம் ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுவாள். "செத்த நேரம் ஒங்க தொட்டில்ல போடட்டுமாக்கா?" என்பாள். உப்பு வியாபாரி பேச்சே கிடையாது. பிள்ளை தூங்கியதும் அண்ணாந்து, புகை படிந்த என் மூங்கிலையும், என் வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு அடித்து வைத்த ஆணிகளையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் கண்ணில் அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் முதல் தடவை அப்படிப் பார்த்த அன்று சாயங்காலமே என் பிள்ளையின் உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு வைத்தேன்.