கடல் வேஷத்துக்கு ஆள் இல்லை

பாக்கியமேரி அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கடலூர் முதுநகரில் நாட்டிய நாடகக் குழு நடத்துகிறவருக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது என்பது என் கட்சி. நான் கலியமூர்த்தி. அந்தக் குழுவுக்கு மைக் செட், லைட், எடுபிடி எல்லாம் நான்தான். எட்டு வருஷமாக அவரிடம் திட்டு வாங்கியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

மேரி என்ற பெயரைக் கேட்டதும் கோயில் விழாக்காரர்கள் யோசித்தார்கள். சலங்கை என்றதும் பங்குச்சாமியார் யோசித்தார். அக்கா இரண்டு தரப்பையும் யோசிக்க விட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட சொந்தக்காரரிடம், "ரிகர்சல் இருந்துச்சு" என்று பதில் சொன்னார்.

சுனாமிக்குப் பிறகு ஊரில் தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. எல்லாருக்கும் விழிப்புணர்வு நாட்டிய நாடகம் வேண்டும். அன்றோடு எங்கள் கலை அவர்கள் கைக்குப் போனது. கை கழுவுவது பற்றி ஒன்று போட்டோம். அதில் கதாநாயகன் சோப்பு. கழிவறை நாடகத்தில் கதவு வேஷத்துக்கு இரண்டு பெண்கள் அடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் கதவுக்குத்தான் நடுமேடை. அதற்குள் அம்மாமார்கள் வேறு, "எம் பொண்ணு ஏன் பின்னாடி நிக்கிறா?" என்று வரிசையில் வருவார்கள். அக்கா எல்லாரையும் வட்டமாகச் சுற்றவிட்டார். சுற்றி வந்தால் ஒவ்வொருத்தியும் ஒருமுறை முன்னால் வந்துவிடுவாளே! அதைப் பார்த்த ஒரு நிருபர், புதிய பாணி என்று எழுதிவிட்டார்.

இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி, போலீஸ். நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அக்காவிடம் இரண்டு வருஷம் முட்டியை மடக்கி அரைமண்டியில் நின்ற பெண்களுக்குக் கால் இரும்பாகிவிடும். அவர்கள் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டு, ஓட்டத்திலும் நீளம் தாண்டுவதிலும் சுலபமாகத் தேறிவிடுவார்கள். நல்லா ஆடுகிறாள் என்று அக்கா நினைக்கும்போது அவள் தொப்பி போட்டுக்கொண்டு சல்யூட் அடிப்பாள். சேதி பரவியதும் பெற்றவர்கள், "டீச்சர், ஆட்டம் கம்மியா இருந்தாலும் பரவால்ல, காலுக்கு ஜாஸ்தி குடுங்க" என்று கேட்டே சேர்த்துவிட்டார்கள்.

அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். சோப்பும் கதவும் இல்லாமல், அம்மாமார்களுக்காக வட்டம் போடாமல், தானே கற்பனை செய்த ஒரு நாடகத்தைச் சிதம்பரத்தில் ஒரு மாலை முழுக்க மேடையேற்ற வேண்டும். அதற்குக் 'கடல்' என்று பெயர் வைத்திருந்தார். வலை, படகு, கரை எல்லாம் மற்ற பெண்கள். நடுவில் கடலாக அனுப்பிரியா. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும் தங்கராசுவின் மகள். அந்தப் பெண் ஆடினால் நான் லைட்டை மாற்ற மறந்து வாய் பார்த்துக்கொண்டு நிற்பேன். 2012-இல் சிதம்பரத்தில் ஒரு கலை மன்றம் தேதி கொடுத்தது. அக்கா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அனுப்பிரியா தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். போலீஸ் ஓட்டம் அதே நாள், விழுப்புரத்தில். காலையில் நிற்க வைத்தால் பொழுது சாயும்வரை விடமாட்டார்கள்.

"ஏண்டி, நான் ஆடக் கத்துக் குடுக்குறேனா, இல்ல போலீஸுக்கு ஆள் புடிச்சிக் குடுக்குறேனா?" என்று அக்கா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டிவி சத்தம் நின்றுவிட்டது.

அவள் அழவில்லை. "எங்க வூட்ல கவருமெண்டு சம்பளம் வாங்குனவங்க யாரும் இல்ல டீச்சர். ஆனா நீங்க போவாதன்னா போவல."

அக்கா அதை எதிர்பார்க்கவில்லை. "போயித் தொல. குதிக்கறப்ப முட்டிய மடக்கி எறங்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் கடல் வேஷத்தைத் தானே ஆடிப் பார்த்தார். அரைமண்டியில் உட்கார்ந்தவரை மூன்று பெண்கள் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. ஆட்டத்தை மாற்றவும் நேரமில்லை. மற்ற பெண்களுக்கு அனுப்பிரியாவைச் சுற்றித்தான் ஆடத் தெரியும். "அவ இருக்கறதா நெனச்சி ஆடுங்கடி. கலியா, லைட்டையும் மாத்தாத, அப்பறம் இவளுங்க எடம் தெரியாம முட்டிக்குவாளுங்க" என்றார்.

அப்படியே ஆடினார்கள். வலை வந்து விழுந்தது, படகு ஆடியது, கரை பின்வாங்கியது. நடுவில் நான் போட்ட நீல வெளிச்சத்தில் ஒருவரும் இல்லை. அக்கா திரைக்குப் பின்னால் நின்று அனுப்பிரியாவின் அடவுகளைக் கையால் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முடிந்ததும் தலைமை விருந்தினர், ஓய்வு பெற்ற பேராசிரியர் சுப்பிரமணியன், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார். "எங்கள் ஊரில் திரையை விலக்கினால் வெட்டவெளிதான் இறைவன். இந்த அம்மையார் அந்தச் சிதம்பர ரகசியத்தையே மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்! இல்லாமையைக் கடலாகக் காட்டிய மேதைமை!" என்றார். அரங்கமே எழுந்து கைதட்டியது. அக்கா வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கைதட்டல். கும்பிட்டுவிட்டு இறங்கியிருந்தால் பெரிய ஆளாகியிருப்பார்.

அக்கா மைக்கை வாங்கினார். "அய்யா, அங்க ரகசியம்லாம் ஒண்ணுமில்ல. அந்த எடத்துல ஆடவேண்டிய பொண்ணு விழுப்புரத்துல ஓடிக்கிட்டு இருக்கா, போலீஸ் வேலைக்கி. அவ ஆடி இருந்தா நீங்க இவ்ளோ நேரம் பேசி இருக்க மாட்டீங்க. பேச முடிஞ்சிருக்காது." சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

நான் வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. "தேறிட்டேன் டீச்சர்" என்ற குரல் எனக்கே கேட்டது. "நீ பேசு" என்று அக்கா போனை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, ஆட்டம் எப்டிண்ணே ஆச்சி?"

"எல்லாம் எழுந்திரிச்சி நின்னு கைதட்டுனாங்கம்மா."

"யாருக்குண்ணே?" என்று கேட்டாள். "உனக்குத்தான்" என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா போனைப் பிடுங்கி, "காலுக்கு வெந்நி ஊத்துடி, இல்லன்னா காலைல நடக்க மாட்ட" என்றார்.