ஒரே வீடியோவில் அங்கம்மா லாட்ஜ்

திருமழிசை தொழிற்பேட்டை ஓரத்தில் எட்டு அறை லாட்ஜ் நடத்தும் அங்கம்மாவைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. நடவுக் கூலிக்குப் போன குடும்பம். பேட்டைக் கம்பெனிகளில் இருபது வருஷம் கூட்டித் துடைத்து, ஓர் அறை, பிறகு இன்னோர் அறை என்று தானே கட்டினார். மெஷின் மாட்ட வெளியூரிலிருந்து வரும் ஃபிட்டர்கள்தான் அங்கே தங்குவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆன்லைன் புக்கிங் கம்பெனி வந்து ஒப்பந்தம் போட்டு, தன் பலகையைச் சுவரில் அடித்தது. "மேப்ல போட்டோ ஏத்தணும், உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்கம்மா" என்றார்கள். அங்கம்மா அந்த ஓடிபியைச் சொல்லிவிட்டார். அன்றோடு மேப்பில் லாட்ஜின் பெயர் மாறியது, போன் நம்பரும் மாறியது. தேடி அழைத்தவர்களைக் கம்பெனி வேறு லாட்ஜுகளுக்கு அனுப்பியது. போன மாதம் ஒப்பந்தம் முடிந்தது. மேப்பை மட்டும் அவர்கள் விடவில்லை. எட்டில் ஆறு அறை காலி. மறுபடி கையெழுத்துப் போட அங்கம்மாவே வருவார் என்று கம்பெனிக்காரர்கள் காத்திருந்தார்கள்.

அவர் போகவில்லை. போனிடம் தமிழில் பேசிப் பேசியே வழி தேடி, மேப்காரர்களிடம் 'இது என் இடம், என் பேருக்கு மாத்துங்க' என்று நேராகக் கேட்டார். பதில் வந்தது: ஒரே வீடியோ வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. தெரு, பெயர்ப்பலகை, சொந்தச் சாவியால் கதவைத் திறக்கும் கை, எல்லாம் தெரிய வேண்டும். வேறு யார் முகமும் விழக் கூடாது.

"சம்பத்து, ஏணியப் போடு" என்றார். பக்கத்து வெல்டிங் கடை சம்பத் ஏறிக் கம்பெனிப் பலகையைக் கழற்றினார். பின்னால் நீல பெயின்டில் 'அங்கம்மா லாட்ஜ்', கீழே அவருடைய நம்பர். அந்த நேரம் பார்த்து கம்பெனி ஆள் ஆனந்தன் பைக்கில் வந்து இறங்கினார்.

"இன்னாக்கா இது? போர்டு கம்பெனி சொத்து."

"தோ, ஓரமா சாச்சி வச்சிகீறேன். எடுத்துக்கினு போ. செவுரு என்னுது."

"மேப்ல நாங்க இல்லாங்காட்டி ஒரு ஈ கூட வராது. பேசாம சைன் போட்டுடுக்கா."

"ஈ வாணாம் நைனா. மன்சன் வந்தா போதும்."

ஆனந்தன் கதவை மறைத்து நின்றுகொண்டார். இரண்டு முறை எடுத்த வீடியோவிலும் அவர் முகம்.

"இன்னா அண்ணாத்தே, மூஞ்சி அழகா கீதுன்னு நெனப்பா?" என்றார் சம்பத்.

அங்கம்மா சண்டைக்குப் போகவில்லை. ஒரு சேரைக் கொண்டுவந்து ஆனந்தன் பக்கத்தில் போட்டார்.

"குந்து. கால் வலிக்கும். எனக்கு இன்னிக்கி வேற வேலை இல்ல. ஆறு ரூம் காலியா கீது, உன் புண்ணியத்துல."

தானும் எதிரே உட்கார்ந்தார், கையில் போனோடு. வெயில் ஏறியது. ஆனந்தனின் போன் நாலு முறை அடித்தது. பூந்தமல்லியில் வேறொரு லாட்ஜில் அவருக்காகக் காத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் பலகையை பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

அங்கம்மா எழுந்தார். தெரு, பெயர், சாவி, கதவு. ஒரே வீடியோ. பக்கத்தில் நின்று பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவருக்கு இல்லை.

நாலாம் நாள் மேப்பில் அவர் பெயர் வந்தது. மறுநாளே பஸ் ஸ்டாப்பிலிருந்து யாரோ ஒரு ஃபிட்டர் அழைத்தார்.

"புக்கிங் ஆபீஸா? கூப்பன் எதுனா இருக்கா?"

"ஆபீஸ் இல்ல, ஓனர் பேசறேன். கூப்பன்லாம் கெடையாது. ரூம் கீது, சுடுதண்ணி கீது. நேரா நடந்து வா."